ஒரே சீரியல், ரெண்டு படம். ஒன்று முதலிடம், இன்னொன்று நான்காமிடம்! டிவி தொடர்கள் சினிமாவாகும்போது ரிலீஸ் தேதி ஏன் இவ்வளவு முக்கியம்?

1998 ஜூன் 19. அமெரிக்க தியேட்டர்களில் 'தி எக்ஸ்-ஃபைல்ஸ்' படம் ரிலீஸ் ஆனது. முதல் மூன்று நாளில் சுமார் 3 கோடி டாலர் வசூல். அதே நாளில் வெளியான டிஸ்னியின் 'முலான்' படத்தையே இரண்டாவது இடத்துக்குத் தள்ளி, அந்த வாரம் முதலிடம் பிடித்தது.

2008 ஜூலை 25. அதே சீரியலின் இரண்டாவது படம். அதே டேவிட் டுகோவ்னி, அதே கில்லியன் ஆண்டர்சன். முதல் மூன்று நாள் வசூல் 1 கோடி டாலர்தான். கிடைத்தது நான்காவது இடம். இடைப்பட்ட பத்து வருஷத்தில் டிக்கெட் விலை எவ்வளவோ ஏறியிருந்தும் இதுதான் நிலைமை.

நடிகர்கள் மாறவில்லை, கதாபாத்திரங்கள் மாறவில்லை. அப்புறம் ஏன் இப்படி? படம் முதல் படம் அளவுக்கு இல்லை என்பது ஒரு பதில். ஆனால் ஓப்பனிங் வசூல் என்பது படம் பார்த்த பிறகு வருவது இல்லையே. படம் எப்படி என்று தெரிவதற்கு முன்பே ஜனம் எடுக்கும் முடிவு அது. அதனால் இந்தக் கேள்விக்கான பதிலை ரிலீஸ் தேதியில்தான் முதலில் தேட வேண்டியிருக்கிறது.

வீட்டில் ஓசியில் பார்த்ததுக்கு ஏன் டிக்கெட் எடுக்கணும்?

டிவி தொடரைப் படமாக எடுக்கும் ஒவ்வொரு தயாரிப்பாளரும் முதலில் சந்திக்கும் கேள்வி இது. ஒரு தொடரை வாரம் ஒரு கோடிப் பேர் பார்க்கலாம். அவர்கள் சோபாவில் உட்கார்ந்து, சாப்பிட்டுக்கொண்டே பார்த்தவர்கள். அவர்களில் எத்தனை பேர் கிளம்பி, வண்டி எடுத்து, தியேட்டருக்கு வருவார்கள் என்பதற்கு எந்த ரேட்டிங்கும் பதில் சொல்லாது.

வருகிறவர்கள் யார் என்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. தீவிர ரசிகர்கள் முதல் மூன்று நாளிலேயே வந்துவிடுவார்கள். அவர்கள் வந்து முடிந்த பிறகு படத்தைத் தாங்கிப்பிடிக்க, தொடரைப் பார்க்காத பொது ரசிகர்கள் வர வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எளிய கணக்கு ஒன்று உண்டு. ஒரு படத்தின் மொத்த உள்நாட்டு வசூலை, முதல் வார இறுதி வசூலால் வகுத்துப் பார்க்க வேண்டும். எக்ஸ்-ஃபைல்ஸ் முதல் படம் அமெரிக்காவில் மொத்தம் சுமார் 8.4 கோடி டாலர் எடுத்தது, வகுத்தால் 2.8. இரண்டாவது படம் சுமார் 2.1 கோடி, வகுத்தால் 2.1. அதாவது ரசிகர் கூட்டம் வந்து போனதும் தியேட்டர் காலி.

இன்னொரு விஷயத்தையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். டிக்கெட் காசில் ஏறக்குறைய பாதி தியேட்டர்களுக்குப் போய்விடும். போஸ்டர், டிரெய்லர், டிவி விளம்பரச் செலவெல்லாம் வெளியே சொல்லப்படும் பட்ஜெட்டில் சேராது. அதனால் பட்ஜெட்டைப் போல இரண்டு முதல் இரண்டரை மடங்கு வசூல் வந்தால்தான் தியேட்டர் ஓட்டத்திலேயே போட்ட காசு திரும்பும் என்பது ஹாலிவுட்டில் சொல்லப்படும் குத்துமதிப்பான கணக்கு.

1998-ல் என்ன சரியாக நடந்தது?

முதல் படம் வந்தபோது எக்ஸ்-ஃபைல்ஸ் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. 1993-ல் ஃபாக்ஸ் சேனலில் தொடங்கிய தொடர் அது. எஃப்பிஐ அதிகாரிகள் முல்டரும் ஸ்கல்லியும் விளக்க முடியாத வழக்குகளைத் துரத்துவார்கள். பின்னணியில் வேற்றுகிரகவாசிகளைப் பற்றிய அரசின் சதி ஒன்று இழையோடும். அமெரிக்கா முழுக்கப் பேசப்பட்ட தொடர்.

நான்காவது, ஐந்தாவது சீசன்களுக்கு நடுவே, 1997 கோடையிலேயே படத்தை எடுத்துவிட்டார்கள். ஐந்தாவது சீசன் 1998 மே 17-ல் முடிந்தது. சுமார் ஒரு மாதம் கழித்துப் படம். ஆறாவது சீசன் நவம்பரில். அதாவது சீரியலின் கோடை விடுமுறைக்குள் படம் கச்சிதமாகச் செருகப்பட்டது. சீசன் முடிவில் தொங்கலில் விட்ட கதை என்ன ஆனது என்று தெரிய வேண்டுமா? தியேட்டருக்கு வா. அவ்வளவுதான் வியாபாரம்.

இதில் ரிஸ்க்கும் இருந்தது. படம் முதலில் எடுக்கப்பட்டுவிட்டதால், ஐந்தாவது சீசனின் கதையைப் படத்தோடு முட்டாமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய கட்டாயம் எழுத்தாளர்களுக்கு. தொடரே பார்க்காதவர்கள் படத்துக்கு வந்தால் புரியவும் வேண்டும், ஐந்து வருஷமாகப் பார்த்தவர்களுக்கு அலுக்கவும் கூடாது. இந்தக் கயிற்றில் படம் ஓரளவு நடந்து கரையேறியது. பட்ஜெட் 6.6 கோடி டாலர். உலக வசூல் சுமார் 18.9 கோடி.

2008-ல் எங்கே கோட்டை விட்டார்கள்?

தொடர் 2002 மே மாதமே முடிந்துவிட்டது. கடைசி இரண்டு சீசன்களில் டுகோவ்னி பெரும்பாலும் இல்லை, பார்வையாளர்களும் குறைந்துபோயிருந்தார்கள். இரண்டாவது படத்துக்கான பேச்சு அப்போதே இருந்தாலும், தொடரை உருவாக்கிய கிறிஸ் கார்ட்டருக்கும் ஸ்டூடியோவுக்கும் இடையே பணம் தொடர்பான வழக்கு வந்து இழுத்தடித்தது. சூடு ஆறி ஆறு வருஷம் கழித்துத்தான் படம் வந்தது.

சரி, ஆறு வருஷம் கழித்து வருகிறோம், கொஞ்சம் காலியான வாரமாகப் பார்த்து இறங்கியிருக்கலாம். ஃபாக்ஸ் தேர்ந்தெடுத்தது ஜூலை 25. அதற்கு ஒரு வாரம் முன்பு, ஜூலை 18-ல் வந்தது கிறிஸ்டோபர் நோலனின் 'தி டார்க் நைட்'. ஹீத் லெட்ஜரின் ஜோக்கரைப் பார்க்க உலகமே தியேட்டருக்குப் போன நேரம். அந்தப் படம் முதல் வார இறுதியில் எடுத்தது 15.8 கோடி டாலர். எக்ஸ்-ஃபைல்ஸ் வந்த இரண்டாவது வார இறுதியிலும் 7.5 கோடி. அதே வாரம் வெளியான 'ஸ்டெப் பிரதர்ஸ்' காமெடிப் படம் இளைஞர்களை அள்ளிக்கொண்டு போக, முந்தைய வாரம் வந்த 'மம்மா மியா' பெண்களையும் குடும்பங்களையும் வைத்திருந்தது. இருட்டு, திகில், விசாரணை என்று பார்க்க விரும்பியவர்களுக்கு கோதம் நகரமே போதுமானதாக இருந்தது. பனி கொட்டும் குளிர்காலக் கதையை நட்டநடு கோடையில் இறக்கியது தனி வேடிக்கை.

கதை விஷயத்திலும் தேதி விளையாடியது. இத்தனை வருஷம் கழித்து வருவதால், பழைய வேற்றுகிரகவாசிக் கதையைத் தொடாமல், யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய தனிக்கதையாக எடுத்தார்கள். காரணம் நியாயமானதுதான். ஆனால் சதியின் முடிவைத் தெரிந்துகொள்ளக் காத்திருந்த ரசிகனுக்கு அதில் எதுவும் இல்லை. புதிதாக வருகிறவனுக்கோ, பேட்மேனை விட்டுவிட்டு இங்கே வர ஒரு காரணம் இல்லை.

இதற்காகப் படம் மொத்த நஷ்டம் என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. பட்ஜெட்டை 3 கோடி டாலரோடு நிறுத்திக்கொண்டார்கள். உலக வசூல் சுமார் 6.8 கோடி. அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அமெரிக்காவுக்கு வெளியே வந்தது. ஆனாலும் மூன்றாவது படம் வரவே இல்லை. முல்டரும் ஸ்கல்லியும் திரும்பி வந்தது 2016 ஜனவரியில், அதுவும் டிவிக்குத்தான்.

இடைவெளி விழுந்தாலே தோல்விதானா?

அப்படி முடிவு கட்டுவதற்கு முன், அதே 2008 கோடையில் வந்த இன்னொரு படத்தைப் பார்க்க வேண்டும். எச்பிஓ-வின் 'செக்ஸ் அண்ட் தி சிட்டி' தொடர் 2004 பிப்ரவரியில் முடிந்தது. படம் வந்தது 2008 மே 30. நான்கு வருஷ இடைவெளி. முதல் வார இறுதியிலேயே 5.7 கோடி டாலர் எடுத்து, இரண்டாவது வாரத்தில் இருந்த 'இண்டியானா ஜோன்ஸ்' படத்தை முதலிடத்திலிருந்து இறக்கியது. உலக வசூல் 41 கோடி டாலருக்கு மேல்.

எப்படி? ஒன்று, தொடர் முடிந்தாலும் மறையவில்லை. கட்டணச் சேனலில் மட்டும் ஓடிய தொடர், 2004 முதல் டிபிஎஸ் என்ற பொதுவான கேபிள் சேனலில் கத்தரி போட்ட வடிவத்தில் மறு ஒளிபரப்பானது. முதல் முறை பார்க்க முடியாத லட்சக்கணக்கானவர்கள் அந்த நான்கு வருஷத்தில்தான் புதிய ரசிகர்கள் ஆனார்கள். அதாவது சீரியல் ஆறவில்லை, அடுப்பிலேயே இருந்தது.

இரண்டாவது, தேதி. அந்த மே மாதம் 'அயர்ன் மேன்', 'இண்டியானா ஜோன்ஸ்' என்று ஆண் ரசிகர்களைக் குறிவைத்த படங்களாக வரிசை கட்டின. முப்பது, நாற்பது வயதுப் பெண்களுக்கென்று தியேட்டரில் அதிகம் இல்லை. தோழிகளோடு கூட்டமாகப் போய்ப் பார்க்கும் படமாக இது அந்த இடத்தில் போய் உட்கார்ந்தது. பெரிய படத்தோடு மோதினாலும், அதே கூட்டத்துக்காக மோதவில்லை. எக்ஸ்-ஃபைல்ஸ் செய்தது நேர் எதிர்.

அதே டீம் 2010 மே மாதம் இரண்டாவது பாகத்தோடு வந்தபோது உலக வசூல் 30 கோடி டாலருக்கும் கீழே இறங்கியது. பட்ஜெட்டோ சுமார் 10 கோடியாக ஏறியிருந்தது. தோழிகள் மறுபடி சந்திக்கிறார்கள் என்ற ஆர்வத்தை ஒரு தடவைதான் விற்க முடியும்.

பேரை மட்டும் எடுத்துக்கொண்டால்?

சில படங்களுக்கு ரசிகர்கள் தேவையே இல்லை. 'தி ஃபியூஜிடிவ்' தொடர் 1967-லேயே முடிந்துவிட்டது. ஹாரிசன் ஃபோர்டு நடித்த படம் வந்தது 1993 ஆகஸ்ட் 6-ல், 26 வருஷம் கழித்து. மனைவியைக் கொன்றதாகப் பழி சுமத்தப்பட்ட டாக்டர் ஓடுகிறார், போலீஸ் துரத்துகிறது. தொடரைப் பார்க்காதவருக்கும் ஒரே வரியில் புரியும் கதை. ஜூனில் வந்த 'ஜுராசிக் பார்க்' அலை தணிந்து, பெரிய படங்கள் குறையும் ஆகஸ்டில் இறக்கினார்கள். ஆறு வாரம் தொடர்ந்து முதலிடம். முன்பு சொன்ன வகுத்தல் கணக்கைப் போட்டால் வருவது 7.7! டாமி லீ ஜோன்ஸுக்கு ஆஸ்கர் விருதும் கிடைத்தது.

டாம் குரூஸின் 'மிஷன்: இம்பாசிபிள்' பட வரிசையும் 1966-ல் தொடங்கிய டிவி தொடரிலிருந்து வந்ததுதான். இன்று படம் பார்க்கிற பலருக்கு அது தெரியவே தெரியாது. அதே காலத்து இன்னொரு உளவாளித் தொடர் 'தி மேன் ஃபிரம் அங்கிள்'. 2015-ல் அதைப் படமாக்கி ஆகஸ்ட் 14-ல் வெளியிட வார்னர் பிரதர்ஸ் தயாராக இருந்தது. ஐந்தாவது மிஷன் படமான 'ரோக் நேஷன்' அப்போது டிசம்பர் 25-க்குக் குறிக்கப்பட்டிருந்தது. டிசம்பர் 18-ல் புதிய 'ஸ்டார் வார்ஸ்' வருகிறது என்ற நிலையில், பாரமவுண்ட் தன் படத்தை ஜூலை 31-க்கு முன்னால் நகர்த்தியது. விளைவு? இரண்டே வார இடைவெளியில் இரண்டு உளவாளிப் படங்கள். 'ரோக் நேஷன்' மூன்றாவது வாரத்தில் எடுத்த வசூலைக்கூட 'அங்கிள்' தன் முதல் வாரத்தில் தொடவில்லை. 7.5 கோடி டாலர் பட்ஜெட்டுக்கு உலக வசூல் சுமார் 11 கோடிதான். ஸ்டார் வார்ஸுக்குப் பயந்து ஒருவர் ஓட, நடுவில் நின்ற இன்னொருவர் மிதிபட்ட கதை இது.

சத்தம் பெருசு, கூட்டம் சிறுசு

ஜாஸ் வீடனின் 'ஃபயர்ஃபிளை' தொடரை 2002-ல் ஃபாக்ஸ் பாதியிலேயே நிறுத்தியது. எடுத்தது 14 எபிசோடுகள், ஒளிபரப்பானது 11. அடுத்த வருஷம் டிவிடி வந்து நன்றாக விற்க, யுனிவர்சல் நிறுவனம் 'செரினிட்டி' என்ற பெயரில் படமெடுக்க முன்வந்தது. முதலில் குறித்த தேதி 2005 ஏப்ரல் 22. பிறகு செப்டம்பர் 30-க்குத் தள்ளினார்கள். காத்திருந்த ரசிகர்களுக்காகக் கோடையிலேயே பல ஊர்களில் முன்னோட்டக் காட்சிகள் போடப்பட்டன, டிக்கெட்டுகள் பறந்தன. அந்த ஆரவாரத்தைப் பார்த்தவர்கள் பெரிய ஹிட் என்றே நினைத்திருப்பார்கள். ரிலீஸான வாரம் வந்தது சுமார் 1 கோடி டாலர். உலக வசூல் மொத்தமே கிட்டத்தட்ட பட்ஜெட் அளவான 4 கோடியில் நின்றுவிட்டது. ஃபயர்ஃபிளை அதற்குப் பிறகு திரையில் தொடரவில்லை.

2014-ல் வந்த 'வெரோனிகா மார்ஸ்' இந்தப் பாடத்தைப் படித்த படம் என்று சொல்லலாம். 90 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரசிகர்கள் இணையத்தில் சுமார் 57 லட்சம் டாலர் திரட்டிக் கொடுத்தார்கள். படம் சில நூறு தியேட்டர்களிலும், அதே நாளில் ஆன்லைனிலும் வெளியானது. ரசிகர்கள் காசைத் தயாரிப்புக்கே கொடுத்துவிட்டதால், பாக்ஸ் ஆபீஸை நம்பி யாரும் இருக்கவில்லை.

எந்திரனோடு ஒரே நாளில் மோதிய இந்தி சீரியல் படம்

இந்தியாவில் டிவி தொடர்கள் படமாவது அபூர்வம்தான். அதில் தேதி படுத்திய பாட்டுக்கு 'கிச்டி' நல்ல உதாரணம். ஸ்டார் பிளஸில் 2002 முதல் ஓடிய குஜராத்திக் கூட்டுக்குடும்பக் காமெடி. படமாக வந்த நாள் 2010 அக்டோபர் 1. தமிழ் ரசிகர்களுக்கு அந்தத் தேதியைச் சொல்லவே வேண்டாம். ரஜினியின் 'எந்திரன்' உலகம் முழுக்க வெளியான நாள். இந்தியில் 'ரோபோ' என்ற பெயரில் அதுவும் களத்தில் இருந்தது. இரண்டாவது படம் 'கிச்டி 2' வந்தது 2023 நவம்பர் 17. சல்மான் கானின் 'டைகர் 3' வந்து ஐந்து நாள் கழித்து. அகமதாபாத்தில் இந்தியா-ஆஸ்திரேலியா உலகக்கோப்பை இறுதிப்போட்டிக்கு இரண்டு நாள் முன்பு. அந்த ஞாயிற்றுக்கிழமை குஜராத்தில் எத்தனை பேர் சினிமா தியேட்டர் பக்கம் போயிருப்பார்கள்?

1998 ஃபார்முலாவை ஜப்பான் எப்படி மாற்றியது?

ஓடும் தொடரின் நடுவில் படத்தைச் செருகும் அந்தப் பழைய யோசனையை உச்சத்துக்குக் கொண்டுபோனது ஜப்பானின் 'டீமன் ஸ்லேயர்' அனிமே. முதல் சீசன் 2019 செப்டம்பரில் முடிந்தது. அடுத்த பகுதிக் கதையை டிவியில் போடாமல் 'முகென் டிரெயின்' என்று நேராகப் படமாக்கினார்கள். இது துணைக்கதை கிடையாது. இதைப் பார்க்காமல் அடுத்த சீசனுக்குப் போக முடியாது. 2020 அக்டோபர் 16-ல் படம் வந்தபோது, கொரோனாவால் ஹாலிவுட் படங்கள் எல்லாம் தள்ளிப்போய் ஜப்பானியத் தியேட்டர்களில் திரைகள் காலியாகக் கிடந்தன. அத்தனையும் இந்தப் படத்துக்குத்தான். முதல் மூன்று நாளில் 460 கோடி யென். 2001-ல் வந்த 'ஸ்பிரிட்டட் அவே' வைத்திருந்த ஜப்பானிய வசூல் சாதனையை அந்த ஆண்டு முடிவதற்குள் தாண்டி, பின்னர் 400 கோடியின் பத்து மடங்கான 4,000 கோடி யென்னையும் கடந்தது.

பிறகு அதே படத்தை எபிசோடுகளாக வெட்டி 2021-ல் டிவியிலும் போட்டார்கள். தியேட்டருக்கு வராதவர்களும் கதையை விடாமல் தொடரலாம் அல்லவா? எக்ஸ்-ஃபைல்ஸுக்கு 1998-ல் இந்த வசதி தோன்றவில்லை.

அடுத்து 'இன்ஃபினிட்டி காஸில்'. 2024 ஜூன் இறுதியில் சீசன் முடிந்த கையோடு மூன்று படங்கள் வரும் என்று அறிவித்தார்கள். முதல் படம் ஜப்பானில் 2025 ஜூலை 18-லும், இந்தியாவில் செப்டம்பர் 12-லும் வந்தது. தமிழ் டப்பிங்கும் உண்டு. ஓடிடியில் தொடரைப் பார்த்துவிட்டு வந்த பள்ளி, கல்லூரிப் பசங்க இங்கேயும் தியேட்டரில் ஆர்ப்பரித்தார்கள்.

சுவாரஸ்யம் என்னவென்றால், அதே செப்டம்பர் 12-ல் அமெரிக்கத் தியேட்டர்களில் இன்னொரு டிவி தொடரின் கடைசிப் படமும் வெளியானது: பிரிட்டிஷ் பிரபு குடும்பக் கதையான 'டவுன்டன் ஆபி'. வாள்வீச்சு அனிமேவுக்கு வரும் கூட்டமும், தேநீர்க் கோப்பைக் கதைக்கு வரும் கூட்டமும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யவில்லை.

டவுன்டன் குழு செப்டம்பரைத் தேர்ந்தெடுத்ததும் பழைய அனுபவத்தில்தான். 2019 செப்டம்பரில் வந்த அவர்களின் முதல் படம், சில்வஸ்டர் ஸ்டாலோனின் 'ராம்போ', பிராட் பிட்டின் 'ஆட் ஆஸ்ட்ரா' இரண்டையும் ஒரே வாரத்தில் முந்தி 3.1 கோடி டாலரோடு முதலிடம் பிடித்தது. இரண்டாவது படம் கொரோனாவால் தேதி மாறி மாறி, அமெரிக்காவில் 2022 மே 20-ல் இறங்கியது. வயதானவர்கள் தியேட்டருக்குத் திரும்பத் தயங்கிய நேரம்; அடுத்த வாரமே 'டாப் கன்: மேவரிக்' வேறு. உலக வசூல் 19 கோடியிலிருந்து 9 கோடிச் சொச்சமாகப் பாதியானது. மூன்றாவது படத்துக்கு மறுபடி செப்டம்பர்.

ஓடிடி வந்த பிறகு?

'பிரேக்கிங் பேட்' தொடரின் தொடர்ச்சியான 'எல் கமினோ' 2019 அக்டோபரில் வந்தபோது, நெட்ஃபிளிக்ஸ் அதைச் சில தியேட்டர்களில் பெயருக்குக் காட்டிவிட்டு நேராக வீட்டுக்கே அனுப்பியது. தொடர் எங்கே பார்க்கப்பட்டதோ, படமும் அங்கேயே. அங்கே ஓப்பனிங் வசூல் என்ற தலைவலியே கிடையாது.

டிஸ்னி வேறு வழியில் போக முடிவெடுத்தது. டிஸ்னி பிளஸ் தளத்தின் முதல் நாளிலிருந்தே அதன் முகமாக இருந்த 'தி மேண்டலோரியன்' தொடரின் மூன்றாவது சீசன் 2023 ஏப்ரலில் முடிந்தது. நான்காவது சீசனுக்குப் பதில் 'தி மேண்டலோரியன் அண்ட் குரோகு' என்ற தியேட்டர் படத்தை அறிவித்து, 2026 மே 22 என்று தேதி குறித்தார்கள். 1977-ல் முதல் 'ஸ்டார் வார்ஸ்' வந்த அதே மே மாதக் கடைசி. 2018-ல் 'சோலோ' படம் அடிவாங்கியதும் அதே மே மாதக் கடைசியில்தான். குட்டி குரோகுவை மாதச் சந்தாவில் மூன்று சீசன் பார்த்துப் பழகிய குடும்பங்களிடம், மூன்று வருஷ இடைவெளிக்குப் பிறகு ஆளுக்கு ஒரு டிக்கெட் எடுக்கச் சொல்லும் கணக்கு அது.